நோயில்லை என்று எழுதிய படம்

மார்ச் 4

மிளகு,

போனில் நான் பேசுவது உனக்குப் புரிவதில்லை. மூன்று தடவை “என்னண்ணா?” என்று கேட்கிறாய். நாலாவது தடவை “சரிண்ணா” என்கிறாய். எதற்குச் சரி சொன்னாய் என்று உனக்கே தெரியாது. மெசேஜ் தட்டிவிட்டால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு ஓடிவிடுகிறாய். அதனால்தான் இந்தக் காகிதம். இதற்கு நீ உட்கார்ந்து பதில் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இடது பக்கம் பாதி நாக்கை எடுத்துவிட்டு, முன்கைத் தோலை வெட்டி ஒட்டினார்கள் இல்லையா, அதில் இப்போது முடி முளைக்கிறது. அந்தத் தோலுக்கு வீடு மாறியது இன்னும் தெரியவில்லை. வாரம் ஒருமுறை உன் அண்ணி சின்னக் கத்தரிக்கோலோடு வந்து “ஆ காட்டுங்க” என்கிறாள். சலூனுக்குக் கொடுக்கும் காசு மிச்சம் என்று எழுதிக் காட்டினேன். சிரிக்கவில்லை.

வேலைக்கும் போகிறேன். டிரைவிங் ஸ்கூல் முதலாளி “கொஞ்ச நாளைக்கு ஆபீஸ்ல உக்காருங்களேன்” என்றார். முடியாது என்று தலையாட்டிவிட்டு, போய் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். முன்பு தெருவே திரும்பிப் பார்க்கும்படி “பிரேக்கு, பிரேக்கு” என்று கத்துவேன். இப்போது டாஷ்போர்டில் ஒரு தட்டு என்றால் பிரேக், இரண்டு தட்டு என்றால் கிளட்ச். நேற்று ஒரு பெண், நான் இருமியதற்கும் பிரேக் போட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மெஷினைப் பற்றிப் பேப்பரில் வந்திருந்தது. வாய்க்குள் நீல வெளிச்சம் அடித்துப் படம் பிடிக்குமாம், புற்றுக்கட்டி இருக்கிறதா இல்லையா என்று தானே சொல்லிவிடுமாம், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாம், இனி லைசென்ஸ் ஆபீஸ்தோறும் வைப்பார்களாம். கடைசி வரிசையில் நீ பாதி முகத்தோடு நிற்கிறாய். உன் அண்ணி அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள்.

போன வருஷம் டிரைவர்களுக்கெல்லாம் முகாம் நடத்துகிறோம், நீயும் போ என்று என்னைப் பிடித்துத் தள்ளியது நீ. அங்கேயும் அதே நீல வெளிச்சத்தில்தான் படம் எடுத்தார்கள். டாக்டர் என் வாயைப் பார்த்துவிட்டு ‘நோயில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். பதினொரு மாதத்தில் என் நாக்கு பாதியாகிவிட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் படத்தை என்ன செய்தீர்கள்?

அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. நீங்கள் வேலைக்குப் போவது தெரிந்து சந்தோஷம். உடம்பை ரொம்ப வருத்திக்கொள்ள வேண்டாம்.

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் முகாமில் எடுத்த படங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எது யாருடைய படம் என்று நாங்கள் தேடிப் பார்ப்பதில்லை. விதி அப்படி.

மெஷின் எப்படிக் கற்கிறது என்று ஒருமுறை கேட்டீர்கள். அன்றைக்கு அவசரத்தில் சொல்லவில்லை. நீல வெளிச்சம் பட்டால் நல்ல தோல் வெளிர்பச்சையாக மினுங்கும். கெட்டுப்போன இடம் மினுங்காமல் கறுத்துத் தெரியும். ஆனால் சின்னப் புண், பல் உரசிய காயம்கூடக் கறுப்பாகத்தான் தெரியும். அதனால் இரண்டு அடுக்காகப் படங்களைச் சேர்க்கிறோம். ஒன்று நோயுள்ள வாய்கள், இன்னொன்று நோயில்லாத வாய்கள். ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்பக் காட்டினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். இது பல உயிர்களைக் காப்பாற்றப்போகிற வேலை அண்ணா. அதை மட்டும் நம்புங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

மிளகு


மார்ச் 16

மிளகு,

பேங்க்கிலிருந்து வந்தது போல ஒரு கடிதம் கிடைத்தது. ‘உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது.’ கீழே மட்டும் என் தங்கையின் கையெழுத்து.

எண் மட்டும்தான் இருக்கும் என்கிறாயே, முகாம் சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எண் 417. இதோ, இது என் வாய், அதைத் தேடிப் பார்க்க நானே அனுமதி தருகிறேன். தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இனி விதி உனக்குக் குறுக்கே நிற்காது. குறுக்கே நிற்பது வேறு ஏதாவது என்றால் அதையும் எழுது.

நீ சைக்கிள் பழகும்போது விழுந்துவிட்டு, யாரும் தள்ளாமலே “அண்ணன் தள்ளிட்டான்” என்று அம்மாவிடம் சொன்னவள். உன் முழி எனக்குத் தெரியும். காகிதத்திலும் தெரிகிறது.

எந்த அடுக்கில் இருக்கிறது 417?

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

பார்த்தேன். நாக்கின் இடது ஓரத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கறுப்பு. ‘பல் உரசல்’ என்று டாக்டர் குறிப்பு எழுதியிருக்கிறார். படம் நோயில்லாத அடுக்கில் இருக்கிறது. இப்படி ஒரு கறுப்பைக் கண்டால் பயப்படாதே, இது நல்ல வாய் என்று நாங்கள் உங்கள் படத்தை வைத்தே மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

அது மட்டுமில்லை. நோயுள்ள அடுக்கு முழுக்க ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதித்து உறுதியானவை. அதனால் எல்லாம் முற்றிய நோய்கள். நோயில்லாத அடுக்கோ முகாம்களில் டாக்டர் கண்ணால் பார்த்து எழுதிய படங்கள். பிறகு அந்த மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. தொண்ணூற்றேழு என்கிறோமே, அது டாக்டர் சொன்னதோடு மெஷின் ஒத்துப்போன கணக்கு. நோயோடு ஒத்துப்போன கணக்கு இல்லை. இத்தனை நாள் இதை நான் யோசிக்கவே இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். உங்களிடம் பொய் வேண்டாம். ஒருமுறை தோன்றியது. வேலை நெருக்கடியில் தள்ளிவிட்டேன்.

எங்கள் தலைவரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை அண்ணா, அவருடைய அப்பா இதே நோயில் போனவர். “ஒரு படம் தப்பா இருந்தா என்னம்மா? மத்த ஆறாயிரம் படம் இருக்கு. நாம தள்ளிப்போடுற ஒவ்வொரு மாசமும் எத்தனை பேருக்குப் பரிசோதனையே இல்லாமப் போகுது, யோசிச்சியா?” என்றார். நான் என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன்.

மே 20 அன்று அனுமதிக் குழுவுக்கு முன்னால் மெஷினை இயக்கிக் காட்டுகிறோம். அதுவரை இதைப் பற்றி யாரிடமும் சொல்லாதீர்கள். அனுமதி கிடைத்த பிறகு உள்ளேயிருந்தே நான் சரிசெய்துவிடுகிறேன். சத்தியம்.

மிளகு


ஏப்ரல் 7

மிளகு,

வாயைத் திறக்காதே என்று என்னிடம் சொல்கிறாய். யோசித்துத்தான் சொன்னாயா?

முதலில் வைப்பார்களாம், பிறகு சரிசெய்வார்களாம். பிரேக் இல்லாத வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு, ஓடுகிறபோதே ஓடிப்போய் மாட்டுவாயா? லைசென்ஸ் ஆபீஸில் பச்சை எழுத்தில் ‘நோயில்லை’ என்று வந்தால் டிரைவர் என்ன செய்வான் தெரியுமா? அடுத்த வருஷம் வரை வலியைப் பொறுத்துக்கொள்வான். நான் அப்படித்தான் செய்தேன். ஐந்தாவது மாதமே நாக்கு எரிந்தது. சீட்டை எடுத்துப் பார்த்தேன், ‘நோயில்லை’ என்று இருந்தது. மடித்து வைத்துவிட்டு ஆறு மாதம் ஓட்டினேன்.

உன் தலைவர் கேட்டதற்குப் பதில் இதுதான். பரிசோதனை இல்லாதவனுக்குப் பயமாவது மிச்சம் இருக்கும். நீங்கள் அதையும் பிடுங்கிக்கொள்கிறீர்கள்.

நான் சும்மா இருக்கமாட்டேன். சொல்லிவிட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 30

மிளகு,

நீ பதில் எழுதவில்லை. பரவாயில்லை.

என்னோடு அந்த முகாமுக்கு 612 பேர் வந்தார்கள். டிரைவர் சங்கத்தில் பட்டியல் இருந்தது. மூன்று வாரத்தில் 143 வீடு ஏறி இறங்கினேன். வண்டி ஓட்டப் பழக வருகிறவர்களையே ஓட்டச் சொன்னேன். சந்து, மேடு, ரிவர்ஸ் எல்லாம் அவர்களுக்குப் பழக்கமாயிற்று, எனக்கும் வழி முடிந்தது. முதலாளி முறைத்தார். “எல்லாரும் நல்லா ஓட்டக் கத்துக்கிட்டாங்களே, அப்புறம் என்ன?” என்று எழுதிக் காட்டினேன்.

உன் அண்ணி கூட வருவேன் என்று நின்றாள். “நீங்க பேசறது அவங்களுக்கு எப்படிப் புரியும்? நான் எடுத்துச் சொல்றேன்.” வேண்டாம் என்றேன். கதவைத் திறக்கிறவர்கள் என் பேச்சை முதலில் கேட்கட்டும். அந்தச் சத்தமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. சிலர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று கதவைச் சாத்தினார்கள். ஒரு அம்மாள் காசு கொண்டுவந்து கொடுத்தார். வாங்காமல் நின்றேன். பிறகு உட்காரச் சொன்னார்.

மூன்று பேரைக் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூட வேன் ஓட்டும் பெண் ஒருத்திக்குக் கீழ்த்தாடையில் ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். இன்னும் வேன் ஓட்டுகிறாள். பிள்ளைகள் அவளைக் கண்டு பயப்படவில்லையாம், பெற்றவர்கள்தான் பயப்படுகிறார்களாம். இன்னொருவர் கிரேன் ஓட்டுகிறவர், இப்போது மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்றாமவர் தண்ணீர் லாரி டிரைவர். அவர் இல்லை. அவர் மனைவி உள்ளே போய் முகாம் சீட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். “இதைக் காட்டித்தாங்க என்னை அடக்கிட்டே இருந்தாரு. டாக்டரே ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்காரு, நீ பெரிய டாக்டரான்னு.”

மூன்று எண்களும் அவரவர் கையெழுத்தோடு இதில் இருக்கின்றன. லாரிக்காரருக்காக அவர் மனைவி போட்டிருக்கிறார்.

இனி உன் பாடு.

அண்ணன்


மே 9

அண்ணா,

மூன்றும் நோயில்லாத அடுக்கில்தான் இருக்கின்றன.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே முகாமின் ஒப்புதல் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தேன். ‘பின்னாளில் ஆஸ்பத்திரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சம்மதிக்கிறேன்’ என்று ஒரு வரி இருக்கிறது. எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒப்பிடாமல் விட்டது நாங்கள்தான். நாங்கள் நடத்திய ஆறு முகாம்களின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பதிவேட்டுக்காரர்களின் பக்கத்திலேயே ஒரு வாரம் உட்கார்ந்தேன். நோயில்லாத அடுக்கில் இருபத்து மூன்று பேருக்கு நோய். நீங்கள் நால்வரும் அதில் சேர்த்தி.

அந்த இருபத்து மூன்றில் பன்னிரண்டை நோயுள்ள அடுக்குக்கு மாற்றி மெஷினை மறுபடி முதலிலிருந்து பழக்கினேன். பதினொன்றை அது பார்க்காமல் எடுத்துவைத்துவிட்டுப் பிறகு காட்டினேன். பழைய மெஷின் பதினொன்றில் ஒன்றைத்தான் பிடித்தது. புதியது ஏழு படங்களைப் பிடித்தது. அந்த ஏழு படங்களையும் பார்த்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நல்லதை மட்டும் எழுதினால் மறுபடி பேங்க் கடிதம் என்பீர்கள். புதிய மெஷின் நல்லவர்களையும் அதிகமாகச் சந்தேகப்படுகிறது. முன்பு நூறு நல்ல வாயில் மூன்றைத் தப்பாகச் சொன்னது, இப்போது பதினான்கைச் சொல்கிறது. தலைவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். “பதினாலு பேரை வீணா பயமுறுத்தி, சதை எடுத்து, ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க வைக்கணுமா?” நான், “எங்க அண்ணனைக் கேட்டா நிக்கறேன்னுதான் சொல்வார்” என்றேன். “உங்க அண்ணன் விஷயத்துல உனக்கு நிதானம் இல்லம்மா” என்றார். இருக்கலாம்.

குழுவுக்குக் கொடுக்கும் அறிக்கையில் பழைய தொண்ணூற்றேழுதான் போகிறது. அதில் ஆறு பேர் கையெழுத்துப் போடவேண்டும். ஐந்து பேர் போட்டார்கள். நான் பேனாவை மூடி மேஜையில் வைத்தேன். மறுநாள் என் அடையாள அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை. நீண்ட விடுப்பாம். மேஜையில் இருந்த பொருட்களைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். இருபதாம் தேதி அந்தப் பக்கமே வரக்கூடாது என்று எழுத்தில் வந்திருக்கிறது.

நான் பயந்தாங்கொள்ளி அண்ணா. ஏப்ரலில் உங்களுக்கு எழுதியதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஆனால் கையெழுத்துப் போடவில்லை. அதை மட்டும் உங்களிடம் சொல்லவேண்டும் போல இருந்தது.

மிளகு


மே 22

மிளகு,

உன்னைத்தானே வரக்கூடாது என்றார்கள், என்னை இல்லையே. டிரைவிங் ஸ்கூல் முதலாளிகளுக்கெல்லாம் அழைப்பு வந்திருந்தது. எங்கள் முதலாளி போகப்போவதில்லை. அட்டையைக் கொடுங்கள் என்றேன். “அங்க போய் என்னங்க பண்ணப்போறீங்க?” என்றார். கேள்வி கேட்கப்போகிறேன் என்றேன். இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. கொடுத்துவிட்டார். உன்னிடம் சொல்லியிருந்தால் தடுத்திருப்பாய், அதனால் சொல்லவில்லை.

பெரிய ஹால், மெத்தை நாற்காலி. மேடையில் மெஷின், பின்னால் சுவர் அளவுக்குத் திரை. உன் தலைவர் நன்றாகத்தான் பேசினார். கேட்டால் யாருக்கும் நம்பிக்கை வரும். குழுவில் ஐந்து பேர், நடுவில் தலை நரைத்த ஒரு டாக்டரம்மா. முடிவில் அவர், “யாருக்காவது கேள்வி இருக்கா?” என்றார்.

எழுந்தேன்.  “நாலு ஒண்ணு ஏழு. அந்தப் படத்தை மெஷின்ல போடுங்க” என்றேன். என் காதுக்குச் சரியாகத்தான் கேட்டது. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். மறுபடி சொன்னேன். மைக் வைத்திருந்தவன் நல்ல பையன்தான், ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து நீட்டி, “எழுதிக் குடுத்துருங்க சார்” என்றான். திருப்பிக் கொடுத்துவிட்டேன். எழுதிக் கொடுத்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். மைக்கை வாங்கி மூன்றாவது தடவை சொன்னேன். எச்சில் வழிந்தது. துடைத்துக்கொண்டு நாலாவது தடவையும் சொன்னேன்.

டாக்டரம்மா கையைத் தூக்கிச் சிரித்தவர்களை அடக்கினார். “நாலு ஒண்ணு ஏழுங்கிற படத்தைப் போடச் சொல்றார். நான் இருபது வருஷம் இந்த வார்டுல இருந்தவ. எனக்கு இவர் பேசறது புரியுது” என்றார்.

உன் தலைவர், “தனிப்பட்டவங்க படத்தை அனுமதியில்லாம காட்டக்கூடாதுங்க” என்றார்.

“என் வாய்தாங்க” என்றேன். இதற்கு யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

போட்டார்கள். திரை முழுக்க என் பழைய நாக்கு. முழுசாக இருந்தது. அதைப் பார்ப்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை மிளகு. ஒரு நிமிஷம் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. கீழே பச்சையில் ‘நோயில்லை’ என்று வந்தது. நான் மேடைக்குப் போய், டாக்டரம்மா முன்னால் நின்று வாயைத் திறந்தேன். அவர் பையிலிருந்து டார்ச் எடுத்துப் பார்த்தார். “படம் எடுத்து எத்தனை மாசத்துல?” பதினொன்று என்று விரலில் காட்டினேன். மற்ற மூன்று கையெழுத்துத் தாள்களையும் மேஜையில் வைத்தேன். மூன்றையும் போடச் சொன்னார். மூன்றும் பச்சை.

அவர் உன் தலைவரைத் திரும்பிப் பார்த்து, “தொண்ணூத்தேழுன்னீங்களே, எதோட ஒப்பிட்டு?” என்றார்.

“டாக்டரோட முடிவோட.”

“நோயோட இல்லையா?”

அவர் கையிலிருந்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான்.

“கையெழுத்துப் போடாத ஆறாவது ஆள் யாரு? அவங்ககிட்ட நான் பேசணும்” என்றார் டாக்டரம்மா, அறிக்கையில் காலியாக இருந்த இடத்தைக் காட்டி. நான் உன் முழுப் பெயரைச் சொன்னேன். அதையும் நாலு தடவை சொல்லவேண்டியிருந்தது. உனக்கு அவ்வளவு நீளமான பெயரை வைத்தது அப்பாவின் தப்பு.

அண்ணன்


ஜூன் 14

அண்ணா,

அனுமதி தள்ளிப்போய்விட்டது. ஆறு முகாமிலும் நோயில்லை என்று எழுதப்பட்ட ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் மெஷினைக் கொண்டுவர வேண்டும் என்று குழு சொல்லிவிட்டது. பதினாலு பேர் வீணாக அலைவதைக் குறைக்க வழி தேடுங்கள், ஆனால் பதினொன்றில் பத்தை விடுகிற மெஷின் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

தலைவர் என்னைத் திரும்பக் கூப்பிட்டார். ‘சொந்தக் காரணத்துக்காக நானே விடுப்பில் போனேன்’ என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதுமாம், பழைய மேஜையே தருவாராம். “கதவை மூடினது நீங்க சார், நான் எப்படி விடுப்புல போனேன்?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். படியிறங்கும்போது, வேலை போயிற்றே என்ற கவலையைவிட, இப்படி எதிர்த்து ஏப்ரலிலேயே கேட்டிருக்கலாமே என்றுதான் இருந்தது.

டாக்டரம்மா அவருடைய ஆஸ்பத்திரியிலேயே இடம் கொடுத்திருக்கிறார். சம்பளம் பாதி. மேஜை கிடையாது. தோளில் ஒரு பை, அதில் கைக்கு அடக்கமான நீல விளக்குக் கேமரா, ஒரு பட்டியல். நம் முகாமிலிருந்தே ஆரம்பித்திருக்கிறேன். நீங்கள் பார்த்த 143 போக மீதி 469 வீடு. இரண்டு வாரத்தில் எண்பத்தொன்று பார்த்தேன். டாக்ஸி ஓட்டும் ஒரு பெண்ணுக்கு மிளகு அளவில் ஒரு கறுப்பு. (சிரிக்காதீர்கள்.) சதை எடுத்துப் பார்த்தார்கள், நோய்தான். ஆனால் ஆரம்பம். நாலு தையலோடு மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் எனக்குப் போன் போட்டு, எத்தனை சவாரி போச்சு தெரியுமா என்று கிழிகிழியென்று கிழித்தாள். முழுசாகக் கேட்டேன். ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு தெளிவாக இருந்தது அண்ணா.

நேற்று ஒரு வீட்டில், பஸ் ஓட்டுகிறவர். கதவைப் பாதி திறந்து நின்றார். எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும், “அன்னைக்கே பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களேம்மா. அப்புறம் எதுக்கு வீடு தேடி வந்து பயமுறுத்தறீங்க?” என்று கதவைச் சாத்தப் போனார். முன்பானால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன். என் காலைக் கதவு நிலைக்குள் வைத்துக்கொண்டேன்.

“ஒண்ணுமில்லன்னு சொன்னது தப்புங்க. அந்தத் தப்பை மெஷினுக்குப் பாடமா சொல்லிக்குடுத்ததே நான்தான். என்னைத் திட்டணும்னா அப்புறமா திட்டுங்க, நின்னு கேட்டுக்கறேன். இப்ப வாயைத் திறங்க.”

 அவர் வெளிச்சம் இருந்த பக்கமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மிளகு